ஐந்து மணி அலை

முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் குரல் ஏன் காதில் விழுவதில்லை?

விரைவுப் படகுக்காகக் காத்திருந்த அறையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோருன் என்ற முதியவள் இதைக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். காதுக்குள் எத்தனை எலும்பு இருக்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் படகு வந்துவிட்டது. தன் வாழ்க்கையில் நடந்ததாக அவள் சொன்னதை வரிசையாக எழுதினால் பதில் கிடைக்குமோ என்றுதான் எழுதுகிறேன். கிடைக்காவிட்டாலும் எழுத வேண்டிய கதைதான்.

யோருன் கடலோரத்தில் பிறந்தவள் இல்லை. உள்நாட்டில், ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கில், பன்னிரண்டு மாடுகள் உள்ள பண்ணையில் பிறந்தவள். 1957இல், பத்தொன்பது வயதில், வடகோடியில் உள்ள ஸ்கார்விக் என்ற மீனவ ஊரின் தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைத்து வந்து இறங்கினாள். நிலையம் என்று பெயர்தான். தபால் அலுவலகத்தின் பின்னறையில் ஒரு நாற்காலி, ஒரு பலகை, பலகையில் அறுபத்திரண்டு துளைகள். ஊரில் யாராவது தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றினால் பலகையில் ஒரு சின்ன மூடி சடக்கென்று விழும். அந்தத் துளையில் செருகியை மாட்டி, “ஸ்கார்விக்” என்று சொல்லி, கேட்ட எண்ணோடு இணைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஊரில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. ஆனால் இரண்டே மாதத்தில் எல்லோர் குரலும் தெரிந்துவிட்டது. கடைக்காரர் மூச்சு வாங்கப் பேசினால் மாவு மூட்டை இறங்கியிருக்கிறது. பாதிரியாரின் மனைவி எண்ணைச் சொல்வதற்கு முன் இருமினால் அழுதுவிட்டு வந்திருக்கிறாள். மீன் நிலையத்து முதலாளி மிக மரியாதையாகப் பேசினால் அன்றைக்கு யாருக்கோ வேலை போகப்போகிறது. தெருவில் இவர்களைப் பார்த்தால் யோருனுக்கு யார் யாரென்று தெரியாது. யாராவது வாயைத் திறந்து வணக்கம் சொன்னால்தான், ஓ, இவர் இருபத்தேழாம் எண் என்று புரியும்.

அந்தக் குரல்களில் ஒன்று அடிக்கடி பதினான்காம் எண்ணைக் கேட்கும். பதினான்கு என்றால் கடை.

“பதினாலு கிடைக்குமா? அவசரமில்ல. நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்கன்னா அப்புறம் பேசறேன்.”

அவள் சாப்பிட்டாளா என்று அந்த ஊரில் வேறு யாரும் கேட்டதில்லை. அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் உயரமான, அமைதியான ஒரு ஆளை அவள் மனதுக்குள் வரைந்து வைத்துக்கொண்டாள். மார்ச் மாதம் ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு ஒருவன் வந்தான். குள்ளம். கம்பளித் தொப்பிக்கு வெளியே இரண்டு பெரிய காதுகள். முன்பல் ஒன்று இல்லை.

“நான்தான் சிக்வால்ட். பதினாலு கேக்குறவன்.”

“பொய்.”

“பொய்யா? என் வாயி எனக்குத் தெரியாதா?”

“அந்தக் குரலு ஆறடி இருக்கும்.”

“சரி. கடைக்குப் போய் ஃபோன் பண்றேன். அப்ப நம்புவியா?”

பனியில் வழுக்கி வழுக்கி அவன் ஓடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் பதினான்காம் மூடி விழுந்தது.

“இப்ப எத்தனை அடி?” என்றது குரல்.

யோருன் சிரித்த சிரிப்பில் செருகி கையிலிருந்து நழுவிவிட்டது. 1960இல் கல்யாணம். அடுத்த வருடம் மகள் உன்னி பிறந்தாள். யோருன் தொலைபேசி வேலையை விட்டாள்.

சிக்வால்ட் ஹாவ்தெர்னா என்ற படகில் இருந்தான். நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்களைக் கட்டி ஆழக்கடலில் போட்டு காட் மீன் பிடிக்கும் படகு. மூன்று வாரம் கடல், நான்கு நாள் வீடு. அந்த மூன்று வாரத்துக்கு வீட்டுக்கும் படகுக்கும் நடுவே இருந்தது வானொலி மட்டும்தான்.

படகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு அலைவரிசை உண்டு. அந்தக் காலத்து வீட்டு வானொலிகளில் முள்ளைக் கடைசிவரை திருப்பினால் அதைக் கேட்கலாம். ஊரில் அதற்கு ‘அலை’ என்றே பெயர். மாலை ஐந்து மணிக்குக் கயிறுகளை இழுத்து முடித்துவிட்டு, மாலுமிகள் ஒருவர் பின் ஒருவராக மைக்கைப் பிடிப்பார்கள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கடை காலியாகிவிடும். குழாயை மூடுவார்கள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைப்பார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ரொட்டித் துண்டு கொடுத்து வாயை அடைப்பார்கள். அந்த நேரத்தில் பாதிரியார்கூட யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார். ஊரின் எல்லாச் சமையலறைகளிலும் ஒரே இரைச்சல், ஒரே சீழ்க்கை, அதற்கு நடுவே ஆண்களின் குரல்கள்.

கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. படகிலிருப்பவர்களுக்கும் தெரியும், கரை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று. அதனால் வீட்டு விஷயம் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். தென்மேற்குக் காற்று. நாற்பது பெட்டி. காபித்தூள் தீர்ந்துவிட்டது. ஓவர். அவ்வளவுதான். வானொலியில் கேட்டதை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம் என்று தபால் அலுவலகச் சுவரில் ஒரு அறிவிப்பும் உண்டு. ஸ்கார்விக் பெண்கள் அந்தச் சட்டத்தை மதித்தார்கள். என்ன சொன்னான் என்று யாரும் யாரிடமும் பேசியதே இல்லை. எப்படிச் சொன்னான் என்பதைத்தான் பேசினார்கள்.

ஐந்தரை ஆனதும் பக்கத்து வீட்டு ஹென்னி செருப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவள் புருஷன் ஈவாரும் ஹாவ்தெர்னாவில்தான்.

“எப்படி இருந்தான் என் ஆளு?”

“பல் வலி.”

“போடி. சிரிச்சுக்கிட்டே பேசினான்.”

“சிரிச்சான். ஆனா இடது பக்கமா சிரிச்சான்.”

பத்து நாள் கழித்து ஈவார் வலது கன்னம் ரொட்டி மாதிரி வீங்கி வந்து இறங்கினான். அன்றிலிருந்து மற்ற பெண்களும் வர ஆரம்பித்தார்கள். வாஃபிள் என்கிற இனிப்பு அப்பம் சுட்டு எடுத்து வருவார்கள், காபியைக் குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்பார்கள். என் பையன் குரல் எப்படி? தூங்கலையோ? கேப்டனோட சண்டையோ? யோருன் தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததைத் தெரியாது என்பாள். அதனால்தான் நம்பினார்கள். படகுகளிலும் விஷயம் பரவியது. “யோருன் கேட்டுட்டு இருப்பா, மூக்கச் சிந்திட்டு மைக்கப் பிடி” என்று இளைஞர்களை மிரட்டுவார்களாம். கீழத்தெருப் பெண் ஒருத்தியை ரகசியமாகக் காதலித்தவன் ஒருவன், காற்றின் திசையைச் சொன்ன விதத்திலேயே மாட்டிக்கொண்டான். நிச்சயதார்த்தத்துக்கு யோருனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

எல்லா நாளும் வேடிக்கை இல்லை. 1968 பிப்ரவரியில் படகின் மேல் உறைபனி ஏறியது. அந்த மாதிரி நேரத்தில் பனியை உடைத்து உடைத்துத் தள்ளாவிட்டால் படகு தலைகீழாகிவிடும். அன்று ஐந்து மணிக்கு சிக்வால்ட் பேசினான். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, கொஞ்சம் குளிர், ஓவர் என்றான். ஒவ்வொரு வார்த்தையையும் மெல்லிய பனிக்கட்டி மேல் கால் வைப்பதுபோல எடுத்து வைத்தான். யோருன் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள். போக இடமில்லை. கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் ஐந்து மணிக்கு அவன் குரல் வேறு மாதிரி வந்த பிறகுதான் கழற்றினாள்.

இப்படி இருபத்திரண்டு வருடம் போனது.

1982 ஏப்ரலில் சிக்வால்ட் படகின் தளத்தில் வழுக்கி மீன் அறைக்குள் விழுந்தான். முதுகு. இனிமேல் கயிறு இழுக்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஐம்பது வயதில் அவன் கரைக்கு வந்தான். ஊர்ப் பெண்கள் யோருனைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். இனி நீ ஐந்து மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், எதிரிலேயே இருக்கிறான் என்றார்கள். யோருனும் அப்படித்தான் நினைத்தாள்.

முதல் மாதமே தகராறு.

“காபி நல்லா இருக்கு” என்றான் சிக்வால்ட் ஒரு காலையில்.

யோருன் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணோரம் சுருங்கியிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

“கிண்டலா?”

“என்ன கிண்டல்? காபி நல்லா இருக்குன்னேன்.”

“அப்ப நேத்துப் போட்டது மோசம்.”

“நேத்து நான் ஒண்ணுமே சொல்லலையே.”

“அதான்.”

முப்பது வருடம் எதிர்க்காற்றில் கண்ணை இடுக்கி இடுக்கி அவன் முகம் அப்படியே நின்றுவிட்டது. தேவாலயத்திலும் அதே முகம். சாவு வீட்டிலும் அதே முகம். எப்போதும் எதையோ பார்த்து உள்ளுக்குள் சிரிப்பதுபோல இருக்கும். நான்கு நாள் மட்டும் வீட்டில் இருந்த காலத்தில் அது தெரியவில்லை. அந்த நான்கு நாளும் திருவிழா, யார் முகத்தை யார் ஆராய்ந்தார்கள்? இப்போது காலையிலிருந்து இரவுவரை அந்த முகம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. அவன் எதைச் சொன்னாலும் யோருன் முகத்தைப் பார்த்தாள். முகம் சொன்னதையே நம்பினாள். குரல் எங்கோ பின்னால் போய்விட்டது.

“மீன்ல உப்பு சரியா இருக்கு” என்றால் பரிகாசமாகக் கேட்டது. “நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்” என்றால் உன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று கேட்டது. மகள் உன்னி போடோ நகரத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தபோது யோருனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றாக இருக்கிறார் என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஹென்னியிடம் போய் உட்கார்ந்தாள்.

“இருபத்திரண்டு வருஷம் கேட்டேன்டி அவன. சளி பிடிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும். இப்ப மூணடி தூரத்துல உக்காந்திருக்கான், ஒண்ணும் தெரியல.”

“பேசறதில்லையா?”

“பேசறான். ஆனா மூஞ்சி வேற எதையோ சொல்லுது.”

“என் ஆளு மூஞ்சி எதையுமே சொல்லாது. அது ஒரு வரம், யோருன். உனக்குக் கிடைக்கல.”

“விளையாடாத.”

“நான் விளையாடல. வாஃபிள் சாப்பிடு.”

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. தெற்கே ஏதோ ஒரு ஊரின் பெரிய மீன்பிடிக் கப்பல், கிரீன்லாந்துப் பக்கம் போகிறது. சமையல் வேலைக்கு ஆள் தேவை. சிக்வால்ட் கடிதத்தை மேசைமேல் வைத்தான்.

“முதுகுக்குக் கஷ்டமில்லாத வேலை. நாலு மாசம்.”

யோருன் நிமிர்ந்து பார்த்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சந்தோஷப்படுகிறான் என்று நினைத்தாள். ஆறு மாதம் என்னோடு ஒரே அறையில் இருந்ததற்கே தப்பி ஓடப் பார்க்கிறான்.

“உனக்குப் போகணுமா?”

“உனக்கு எது சௌகரியமோ அது.”

“எனக்கென்ன சௌகரியம். போறதுன்னா போ.”

“சரி. போறேன்.”

இரண்டு பேரும் உருளைக்கிழங்கை உரித்துச் சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் சனிக்கிழமை கிளம்ப வேண்டும். அவனுடைய கடல் பை பரணிலிருந்து இறங்கி வாசலருகே வந்து உட்கார்ந்தது. யோருன் அவனுடைய கம்பளிக் காலுறைகளை ஒவ்வொன்றாகத் தைத்துப் பையில் வைத்தாள். நாலு மாதத்துக்குப் போகிறவன் அதற்கப்புறம் இன்னொரு நாலு மாதத்துக்குக் கையெழுத்துப் போடுவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படிப் போய், வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோகிற ஆண்கள் ஊரில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஐந்து மணிக்கு வானொலியைத் திருப்புவதை எப்போதோ விட்டுவிட்டிருந்தார்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, ஹாவ்தெர்னாவின் புதுக் கேப்டன் தோர்லைஃப் வந்து சிக்வால்டைக் கூப்பிட்டான். படகு துறையில் நின்றது. வானொலிப் பெட்டி தகராறு செய்தது. அதன் குணம் சிக்வால்டுக்குத்தான் தெரியும். மத்தியானமே அவன் போய்விட்டான்.

ஐந்து மணிக்கு யோருன் பழக்கத்தில் முள்ளைக் கடைசிவரை திருப்பினாள். கடலில் அவளுக்கென்று யாரும் இல்லை. இருந்தாலும் அந்த இரைச்சல் இல்லாமல் உருளைக்கிழங்கு உரிக்க அவளுக்கு வராது. படகுகள் ஒவ்வொன்றாகப் பேசி முடித்துச் சாப்பிடப் போயின. பிறகு பக்கத்திலிருந்து, மிகத் தெளிவாக ஒரு குரல் வந்தது.

“ஸ்கார்விக் துறையிலேர்ந்து ஹாவ்தெர்னா. இது சோதனை. யாருக்காவது கேக்குதா? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது, பத்து. ஓவர்.”

கத்தி அவள் கையில் அப்படியே நின்றது.

அது சிக்வால்ட். ஆறு மாதமாக அவள் கேட்காத சிக்வால்ட். ஒவ்வொரு எண்ணையும் எடுத்து வைத்த விதம் அவளுக்குத் தெரியும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான். பத்தைச் சொல்லும்போது குரல் கீழே இறங்கிவிட்டது. பயந்துபோன, தனியாக நிற்கிற ஒரு மனிதன் எண்ணுகிற மாதிரி இருந்தது. குரல் காரணத்தைச் சொல்லாது. பயம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஆனால் வாசலில் இருந்த பையை யோருன் திரும்பிப் பார்த்தாள். போவதில் சந்தோஷப்படுகிற ஆளின் குரல் இது இல்லை.

சோதனைக்கு எண்ணினால், கேட்கிறவர் யாராக இருந்தாலும் நன்றாகக் கேட்கிறது, அல்லது கேட்கவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். அது கடலின் மரியாதை. அன்று எல்லாப் படகிலும் சாப்பாட்டு நேரம். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சிக்வால்ட் மறுபடியும் எண்ணினான். இரைச்சல்தான் பதில். மூன்றாவது தடவை எண்ண ஆரம்பித்தபோது நாலிலேயே குரல் தேய்ந்தது.

யோருன் இருபத்திரண்டு வருடம் கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. சொல்ல முடியாது என்பதைப் பற்றி வருத்தப்பட்டதுகூட இல்லை, குளிர்காலத்தில் சூரியன் வராததுபோல அது ஒரு ஏற்பாடு. அன்று தாங்க முடியவில்லை. படகுகளோடு பேசும் பெட்டி ஊரில் ஒரே இடத்தில் இருந்தது, மீன் நிலையத்து அலுவலகத்தில். மேலங்கியும் வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்புமாக அவள் இருட்டில் சரிவில் இறங்கி ஓடினாள். ஹென்னி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

அலுவலகத்தில் குமாஸ்தா அஸ்பியோர்ன் ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

“யோருன்! என்ன, எங்கயாவது தீயா?”

“மைக்கக் குடு.”

“அதெல்லாம் முடியாது. லைசென்ஸ் இருக்கறவங்கதான் தொடணும்.”

“இந்த ஊருக்கே நான் கனெக்‌ஷன் குடுத்திருக்கேன்டா. குடு.”

“அது டெலிஃபோன்!”

“நகரு.”

அவன் ரொட்டியோடு நகர்ந்தான். யோருன் மைக்கின் பொத்தானை அழுத்தினாள். குரல் பழைய வேலைக்குத் திரும்பியதுபோல ஒழுங்காக வந்தது.

“ஹாவ்தெர்னா, ஹாவ்தெர்னா. ஸ்கார்விக் மீன் நிலையத்திலேர்ந்து. நல்லா கேக்குது. ஓவர்.”

இரைச்சல். பிறகு, “யோருன்?”

“ஆமா.”

“நீ அங்க என்ன பண்ற?”

“சிக்வால்ட், நீ கிரீன்லாந்து போக வேண்டாம். நீ போறதுல எனக்கு இஷ்டமில்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. இப்ப சொல்றேன். ஓவர்.”

அஸ்பியோர்ன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். அலையில் இப்படி யாரும் பேசியதில்லை. ஊரின் எல்லாச் சமையலறைகளிலும், பக்கத்து ஊர்களிலும், வெளியே கடலில் நின்ற படகுகளிலும் அந்த இரைச்சல் மட்டும் நீண்டுகொண்டே போனது. சிக்வால்ட் பேசாமல் பெட்டியை அணைத்துவிடுவானோ என்று யோருன் நினைத்தாள். அப்படிச் செய்தால் அவன் சனிக்கிழமை போய்விடுவான், இனி சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

“எனக்கும் இஷ்டமில்ல” என்றது குரல். கொஞ்சம் பொறுத்து, “நான் போறேன்னதும் உனக்குச் சந்தோஷம்னு நெனச்சேன்.”

“எத வெச்சு நெனச்ச?”

“உன் மூஞ்சிய வெச்சு.”

யோருன் மறுபடியும் பொத்தானை அழுத்தப் போனாள். அதற்குள் வேறொரு குரல் தூரத்திலிருந்து கரகரவென்று வந்தது.

“ஹாவ்தெர்னா, நாங்க பியர் தீவுக்குத் தெக்க இருக்கோம். உங்க ரெண்டு பேர் பேசறதும் இங்க நல்லா கேக்குது. ஓவர்.”

அஸ்பியோர்னுக்குப் புரையேறிவிட்டது.

கிரீன்லாந்துக் கப்பலுக்கு வெள்ளிக்கிழமையே பதில் எழுதிப் போட்டார்கள். ஊர் அவர்களைச் சும்மா விடவில்லை. சிக்வால்ட் கடைக்குள் நுழைந்தால் யாராவது, “இஷ்டமில்ல, ஓவர்” என்பார்கள். ஹென்னி யோருனைப் பார்த்து, “நான் இருபத்தஞ்சு வருஷமா மனசுக்குள்ள வெச்சிருக்கறதெல்லாம் இருக்கு, எனக்கும் ஒரு அஞ்சு நிமிஷம் மைக் வாங்கிக் குடுடி” என்றாள். அஸ்பியோர்ன் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டினான்: மீன் பற்றி மட்டும் பேசவும்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமையே சாப்பாட்டு மேசையில் சிக்வால்ட், “சாஸ் நல்லா இருக்கு” என்றான். யோருன் நிமிர்ந்து பார்த்து, “கிண்டலா?” என்று கேட்டுவிட்டாள். இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போனது. அலையில் அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல முடிந்ததை இங்கே உப்புக்கும் மிளகுக்கும் நடுவே சொல்ல முடியவில்லை.

நவம்பர் கடைசி. சூரியன் வராத நாட்கள் தொடங்கிவிட்டன. மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே இருக்கும் நீலமும் கரைந்துவிடும். அன்று சிக்வால்ட் நீள நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். விளக்கைப் போட்டால் எழுந்துவிடுவான் என்று யோருன் போடவில்லை. பின்னல் ஊசியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவன் தூங்கவில்லை.

“அந்த மீன் அறையில ஒரு மணி நேரம் கெடந்தேன்” என்றான். “மேல எஞ்சின் சத்தம். நான் கத்தறது யாருக்கும் கேக்கல.”

யோருன் அசையவில்லை. முகம் தெரியவில்லை. குரல் மட்டும் இருந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

“கரைக்கு வந்து கையை என்ன பண்றதுன்னு தெரியல, யோருன். உன் முன்னாடி சும்மா உக்காந்திருக்க வெக்கமா இருக்கு. நீ பாத்துக்கிட்டே இருக்க.”

“நான் உன்னக் கேக்கறதுக்குத்தான் பார்த்தேன்.”

“கேட்டுச்சா?”

“இல்ல. இப்பதான் கேக்குது. பேசு.”

அவன் பேசினான். மூன்று மணிவரை பேசினான். அடுத்த நாளும் இரண்டு மணிக்கு அவர்கள் விளக்கைப் போடவில்லை. அது ஒரு வழக்கமாகிவிட்டது. இருண்ட வீட்டைப் பார்த்துப் பதறி ஹென்னி ஒருநாள் கதவை இடித்தாள்.

“யோருன்! என்ன ஆச்சு? பல்பு போயிடுச்சா?”

“பல்பு நல்லா இருக்கு. மூணு மணிக்கு வா.”

“இருட்டுல என்னடி பண்றீங்க, இந்த வயசுல?”

“பேசறோம்.”

“அத நான் நம்பணுமா?” என்று ஹென்னி சொல்லிவிட்டுப் போனாள். ஊரில் அவள் என்ன சொன்னாளோ, அதற்கப்புறம் இரண்டு மணிக்கு யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை.

கோடையில்தான் கஷ்டம். மே மாதத்திலிருந்து ஆகஸ்டுவரை ஸ்கார்விக்கில் இருட்டே கிடையாது. அந்த மாதங்களில் இரண்டு பேரும் நிறையச் சண்டை போட்டார்கள் என்று யோருனே சொன்னாள். செப்டம்பர் வந்ததும் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்வார்களாம். பதினாறு குளிர்காலம் அப்படிப் போனது. சிக்வால்ட் 1998 மார்ச்சில் இறந்தான், பகலில், மருத்துவமனையில். கடைசி நாட்களில் யோருன் செவிலியிடம் அனுமதி வாங்கித் திரையை இழுத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது வரும் வானொலிகளில் அந்த அலைவரிசை இல்லை. படகில் இருப்பவர்கள் திரையில் முகத்தைக் காட்டிப் பேசுகிறார்கள். ஐந்து மணிக்குக் கடை காலியாவதில்லை. யோருன் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இன்னும் இல்லை.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யோருன், சிக்வால்ட் கதையை இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தும் ஒருவரையொருவர் கேட்க முடியாமல் இருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் முதலில் அவர்களுக்கு. முடிந்தால் எழுதி அனுப்பாமல் வாயால் சொல்லுங்கள்.